வாக்களிக்கும் காலமும் வாக்குரிமையின் பொருளும்

வாக்குரிமை பற்றிய ஆராய்ச்சிகளிலே பெரிதும் எழுப்பப்படும் வினா 'யாருக்கு?' என்பதாகும். நம் நாட்டில் இவ்வினாவுக்கு நெடிய வரலாறு உண்டு. 1931ஆம் ஆண்டில் டொனமூர் அரசியற்றிட்டத்தின்கீழ்ச் சர்வசன வாக்குரிமை வழங்கப்பட்டபோதும், 1948ஆம், 1949ஆம் ஆண்டுச் சட்டங்களின் விளைவாக மலையகத் தமிழரிற் பெரும்பாலார் அதனை இழந்தபோதும் விவாதிக்கப்பட்டது இவ்வினாவே. 'எவ்வாறு?' என்ற வினா தொகுதிவாரி முறை, விகிதாசாரப் பிரதிநிதித்துவம் ஆகியன குறித்து எழுந்து இன்றும் ஓயாதிருக்கின்றது. 'எப்பொழுது?' என்ற வினாவோ பெரும்பாலும் எழுதுவினைஞரின் கருமமெனக் கருதப்பட்டு, மெய்யியல் மாணவரின் கண்ணுக்குப் படாமற் போய்விடுகின்றது. நாட்காட்டியைப் பார்த்து நாளும், கடிகாரத்தைப் பார்த்து நேரமும் குறிப்பதில் அறவியலுக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். அங்கே வேலை உண்டு என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இவ்வினா மிகக் கூர்மையாக எழுந்த இடம் ஐக்கிய அமெரிக்கா ஆகும். தேர்தல் நாளுக்கு முன்னர்க் குறிக்கப்பட்ட நாட்களில், குறிக்கப்பட்ட நிலையங்களுக்கு வாக்காளர் தாமே நேரிற் சென்று வாக்களிக்கும் முறை அங்குப் பல மாநிலங்களில் நடைமுறையிலுள்ளது. இதனை முற்கூட்டிய நேரடி வாக்களிப்பு எனலாம். நமக்கு இது முற்றிலும் புதியதன்று. அரசாங்க உத்தியோகத்தர் தேர்தலுக்குச் சில நாட்களின் முன்னர்த் தம் கந்தோரிலேயே வாக்குச்சீட்டிற் புள்ளடியிடுவதை நாம் அறிவோம். அதன் பெயரிலே தபால் இருப்பினும், குறித்த நாளிற் குறித்த இடத்திலே நேரில் வந்து வாக்களிக்கும் செயலே அது. ஆயின் நம் நாட்டில் அது கடமையின் பொருட்டுச் சிலர்க்கு மட்டும் அளிக்கப்பெற்ற ஏற்பாடு. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் அது காரணம் எதுவும் கேளாது எல்லார்க்கும் திறந்துவிடப்பட்ட கதவு. அக்கதவு எத்தனை நாள் திறந்திருத்தல் வேண்டும், எந்நாளிற் சாத்தப்படல் வேண்டும் என்பவை பற்றியே கடந்த பதினைந்து ஆண்டுகளாகச் சட்டசபைகளிலும் நீதிமன்றங்களிலும் ஓயாத வழக்கு நிகழ்ந்து வருகின்றது.

அவ்வழக்கின் வேர் 1845ஆம் ஆண்டுக்குச் செல்கின்றது. அவ்வாண்டு சனவரியில் இயற்றப்பட்ட சட்டமொன்று, நவெம்பர் மாதத்து முதலாந் திங்கட்கிழமையை அடுத்துவரும் செவ்வாய்க்கிழமையைச் சனாதிபதித் தேர்தல் நாளாக வகுத்தது. அறுவடை முடிந்த காலம், குளிர் இன்னும் கடுமையுறாத பருவம், ஞாயிறு வழிபாட்டுக்கு உரியது, குதிரைவண்டியில் நகருக்கு வருவோர்க்குத் திங்கள் பயண நாள், எனவே செவ்வாய். அந்நாளைத் தெரிந்தமைக்குக் கூறப்பட்டுவரும் விளக்கம் இது. உழவர்க்குப் பொருந்திய அந்நாள் இன்று மணிக்கணக்கிற் கூலி பெறும் தொழிலாளிக்குப் பொருந்தாது. செவ்வாய் அங்குக் கூட்டாட்சி விடுமுறை நாளுமன்று. இலங்கையிலே வாக்களிப்பதற்குச் சம்பளக் குறைப்பின்றி விடுப்பு அளிக்குமாறு தொழில்தருநரைச் சட்டம் பணிக்கின்றது; அங்கோ சில மாநிலங்களில் அவ்வேற்பாடு உண்டு, சிலவற்றில் இல்லை. ஆகவே எல்லார்க்கும் பொதுவானதெனத் தோன்றும் நாள் எப்பொழுதும் யாரோ ஒருவரின் வாழ்க்கைமுறைக்கு அளவெடுத்துத் தைக்கப்பட்டதாகவே இருக்கின்றது. யாழ்ப்பாணத்து வாக்காளர் இடாப்பிற் பெயரிருக்கப் பேராதனையிற் கற்கும் மாணவர், முதல்நாள் இரவுப் பேருந்தில் நின்றபடியே ஊர்போய்ப் புள்ளடியிட்டு, மறுநாள் விரிவுரைக்குத் திரும்புவதை எண்ணிப் பார்க்குமிடத்து இது விளங்கும். சட்டத்தின் முன் அவரும், வாக்களிப்பு நிலையத்துக்கு அயல்வீட்டிலிருப்பவரும் சமமே. செலவிலே சமமல்லர்.

ஜோன் றோல்ஸ் 1971ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நீதிக் கோட்பாட்டு நூலில் சுதந்திரம் என்பதையும், அச்சுதந்திரம் ஒருவருக்குப் பயன்படும் பெறுமதி என்பதையும் வேறுபடுத்தினார். சுதந்திரம் எல்லார்க்கும் ஒன்றாக இருக்க, வறுமையாலும் அறியாமையாலும் அதன் பெறுமதி ஆளுக்காள் வேறுபடலாம் என்றும், பொதுவாக அதனை அநீதி என்று கொள்ளவேண்டியதில்லை என்றும் அவர் கருதினார். ஆயின் அரசியற் சுதந்திரங்களுக்கு மட்டும் அவர் ஒரு விலக்கு வைத்தார்: அவற்றின் பெறுமதியும் ஏறத்தாழச் சமமாகக் காக்கப்படல் வேண்டும் என்பது அவர் கொள்கை. இவ்விலக்கை ஏற்றுக்கொள்வோமாயின், வாக்களிக்கும் நேரமும் வெறும் வசதி என்ற நிலையிலிருந்து நீதியின் எல்லைக்குள் வந்துவிடுகின்றது. ஆயினும் எவ்வளவு தூரம் வருகின்றது என்பதிலேதான் சிக்கல் உள்ளது. அதனை ஒஹாயோ மாநிலத்தின் வரலாற்றைக்கொண்டு ஆராய்வோம்.

2004ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலன்று ஒஹாயோவின் நகர்ப்புற நிலையங்கள் பலவற்றில் மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றனர். காத்திருக்க இயலாது வீடு திரும்பியோரும் பலர். அதன்பின் 2005ஆம் ஆண்டில் மாநிலச் சட்டசபை, காரணம் கேளாது முன்கூட்டியே வாக்களிக்க இடமளித்தது. தேர்தலுக்கு 35 நாட்களின் முன்னர் வாக்களிப்புத் தொடங்கியது. 2008ஆம் ஆண்டில் தேர்தலுக்கு முந்திய இறுதி மூன்று நாட்களில், அதாவது சனி, ஞாயிறு, திங்கள் ஆகியவற்றில், ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் நேரிற் சென்று வாக்களித்தனர் என மதிப்பிடப்பட்டது. 2011ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்ட சட்டத் திருத்தங்களின் விளைவாக அம்மூன்று நாட்களும் பொது வாக்காளருக்கு அற்றுப்போயின. வெள்ளிக்கிழமை மாலை 6 மணியோடு கதவு சாத்தப்பட்டது. ஆயின் படையினருக்கும் வெளிநாடுகளில் வாழும் குடிகளுக்கும் திங்கள் வரை அது திறந்தேயிருந்தது.

பராக் ஒபாமாவின் தேர்தல் இயக்கம் தொடுத்த வழக்கில் 2012 ஆகத்து இறுதியில் மாவட்ட நீதிமன்றமும், அவ்வாண்டு ஒற்றோபரில் ஆறாம் சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றமும் மாநிலத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. தலையிட உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. படையினர் திடீரெனப் பணிக்கு அழைக்கப்படலாம் என்ற காரணத்தை நீதிமன்றம் இகழவில்லை. அதனால் அவர்க்குச் சலுகை அளிக்கலாம். ஆனால் அதே நாளில், அதே கந்தோருக்கு வரும் ஏனையோரைத் திருப்பியனுப்புதற்கு அது காரணமாகாது என்பதே தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பு நன்று. எனினும் அதன் அடிப்படையைச் சற்று உற்று நோக்குதல் வேண்டும். அங்கே குற்றமாகக் காணப்பட்டது ஒருவர்க்குத் திறந்து மற்றவர்க்கு மூடிய வேறுபாடேயாம். வேறுபாடுதான் குற்றமெனின், அதனை நீக்க வழிகள் இரண்டுள. எல்லார்க்கும் திறப்பது ஒன்று. படையினர்க்கும் மூடிவிடுவது மற்றொன்று. இரண்டாவது வழியைச் சட்டசபை தெரிந்திருப்பின் சமத்துவ வாதம் வாயடைத்துப் போயிருக்கும். சமத்துவத்துக்கு எதிராக மெய்யியலாளர் டெரிக் பார்ஃபிட் எடுத்துக்காட்டிய இடர்ப்பாடும் இதுவே: எவர்க்கும் நன்மை தராது, மேலிருப்பவனைக் கீழிறக்கி எய்தும் சமத்துவத்தில் என்ன சிறப்பு உண்டு? 2008இல் அம்மூன்று நாட்களில் வந்த இலட்சம் பேரும் அப்பொழுதும் வாக்களிக்கும் வழியை இழந்தே இருப்பர். அவரோடு சேர்ந்து படைவீரனும் இழந்திருப்பான். ஆகவே நம் நெஞ்சில் உறுத்துவது வேறுபாடு மட்டுமன்று. கொடுத்ததை மீளப்பெறுதல் என்ற செயலிலும் ஏதோ ஒன்று உறுத்துகின்றது.

அச்செயலைக் கலப்பின்றிக் காட்டும் நிகழ்ச்சி அடுத்து வந்தது. ஒஹாயோவில் வாக்காளராகப் பதிவதற்கான இறுதி நாள் தேர்தலுக்கு 30 நாட்களின் முன்னர் வரும். வாக்களிப்போ 35 நாட்களின் முன்னர்த் தொடங்கியது. இடைப்பட்ட சில நாட்களில் ஒருவர் ஒரே வருகையிற் பதிவுஞ் செய்து வாக்கும் அளிக்கலாம். மக்கள் இதனைப் 'பொன் வாரம்' என்றனர். 2014ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வாரத்தை நீக்கி, 35 நாட்களை 29 ஆக்கியது. இங்கே படையினர், பொதுமக்கள் என்ற பாகுபாடு இல்லை. எல்லார்க்கும் ஒரே வெட்டு.

இதனை எதிர்த்த வழக்கிற் கீழ் நீதிமன்றங்கள் பொன் வாரத்தை மீட்டளித்தன. ஆயின் 2014 செத்தெம்பர் 29ஆம் நாள், வாக்களிப்புத் தொடங்குவதற்கு முதல்நாள், உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற நிலையில் அக்கட்டளையை நிறுத்திவைத்தது. 2016ஆம் ஆண்டில் வழக்கு மீண்டும் ஆறாம் சுற்று நீதிமன்றத்துக்கு வந்தபோது, இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில் மாநிலம் வென்றது. பெரும்பான்மை நீதிபதிகள் முன்வைத்த நியாயம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. 29 நாட்கள் என்பது பிற மாநிலங்களோடு ஒப்பிடத் தாராளமானது. முற்கூட்டிய வாக்களிப்பு அறவே இல்லாத மாநிலங்களும் உள. ஒருமுறை கூட்டிய நாட்களை மறுமுறை குறைக்கலாகாது என்று நீதிமன்றம் விதிப்பின், முன்னோக்கி மட்டும் சுழலும் பற்சில்லுப் போலாகிவிடும். பிறகு எந்த மாநிலமும் நாட்களைக் கூட்டத் துணியாது. தாராளமாக நடந்தவனைத் தண்டித்து, கதவே வையாதவனை விட்டுவிடுவது எவ்வகை நீதி?

இவ்வினாவே நமது ஆராய்ச்சியின் நடுவிடம். நியூ யோர்க் மாநிலம் 2019ஆம் ஆண்டு வரை முற்கூட்டிய நேரடி வாக்களிப்பை அறியாதிருந்தது. கனெக்டிகட் மாநிலத்திற் பொதுத்தேர்தலொன்றில் அது முதன்முதலாக நடைபெற்றது 2024இல். இவ்விரு மாநிலங்களும் அதுகாறும் தம் குடிகளுக்கு அநீதி இழைத்தன என்று யாரும் வழக்குத் தொடுத்து வெல்லவில்லை. 29 நாள் அளித்த ஒஹாயோவோ கூண்டில் நின்றது. கொடாதவன் குற்றவாளியல்லன், குறைத்துக் கொடுத்தவன் குற்றவாளி என்பது முரணாகத் தோன்றவில்லையா?

தோன்றுகின்றது, ஆயினும் முரணன்று என்பதே எமது கருத்து. ஊரார் நாள்தோறும் குறுக்கே நடந்துபோகத் தன் காணியில் வழிவிட்ட ஒருவரை எண்ணுக. வழிவிடாதிருந்த அயலவர்மீது எவர்க்கும் குறையில்லை. இவரோ பத்தாண்டு வழிவிட்டார். அவ்வழியை நம்பி ஒருவர் கடை வைத்தார். இன்னொருவர் பிள்ளையைத் தொலைப் பள்ளியிற் சேர்த்தார். ஓரிரவில் வேலி அடைக்கப்படுமாயின், 'நான் விடாதிருந்தால் என் செய்திருப்பீர்?' என்ற வினா அவர்க்கு விடையாகாது. அவர்தம் வாழ்வை அவ்வழியோடு பிணைக்கச் செய்தவர் காணிக்காரரே. அவ்வாறே, வாரஇறுதியில் வாக்களிக்கலாம் என்று அரசு ஐந்தாறு ஆண்டுகள் கூறியபின், அதனை நம்பித் தம் வேலைமுறையை ஒழுங்குசெய்த மக்களுக்கு அரசு ஒரு கடன்படுகின்றது. அக்கடன் என்றென்றைக்கும் வேலி அடையேன் என்ற வாக்குறுதியன்று. அடைப்பதாயின் ஏன் என்று கூறவேண்டும். கூறும் காரணம் வழியை இழப்பவரும் கேட்டுத் தலையசைக்கக்கூடிய காரணமாதல் வேண்டும். அவ்வளவே. கொடாதவர்க்கு இக்கடன் இல்லை. அவர் யாருடைய ஏற்பாட்டையும் குலைத்தாரல்லர். (அவர் வேறு கடன் பட்டிருக்கலாம், அது வேறு கட்டுரைக்குரியது.)

இனி, சொல்லத்தக்க காரணம், சொல்லத்தகாத காரணம் என்பவற்றை எவ்வாறு பிரிப்பது? ஜேர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ற் 1795ஆம் ஆண்டில் எழுதிய நிலைபேறான சமாதானம் பற்றிய நூலின் பின்னிணைப்பில் ஒரு சோதனையை வகுத்தார். பிறர் உரிமையைத் தொடும் ஒரு செயலின் நோக்கத்தை வெளியிற் சொன்னால் அச்செயலே நிறைவேறாது போகுமாயின், அச்செயல் நீதியற்றது என்பதே அச்சோதனை. நாட்களை மாற்றும் சட்டசபைகள் அனைத்தும் செலவு, நிருவாக ஒழுங்கு, மோசடித் தடுப்பு என்ற காரணங்களையே முன்வைப்பது வழக்கம். உண்மை நோக்கம் வேறாயின் கான்றின் சோதனை அதனைப் பிடிக்கும் என்று நாம் நம்பலாம். ஆயின் வட கரோலினாவில் நிகழ்ந்தது நம் நம்பிக்கையைச் சற்று ஆட்டங்காணச் செய்கின்றது.

1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தின்கீழ், இனப்பாகுபாட்டு வரலாறுடைய பல பகுதிகள் தம் தேர்தல் விதிகளை மாற்றுமுன் கூட்டாட்சி அரசின் அனுமதியைப் பெறவேண்டியிருந்தது. 2013 யூன் 25ஆம் நாள் உயர் நீதிமன்றம் ஷெல்பி மாவட்ட வழக்கில் அவ்வேற்பாட்டின் அடித்தளத்தை நீக்கியது. அவ்வாண்டு ஆகத்தில் வட கரோலினாவிற் புதிய சட்டம் வந்துவிட்டது. முற்கூட்டிய வாக்களிப்பு நாட்கள் 17இலிருந்து 10 ஆயின. நீக்கப்பட்டவை முதல் ஏழு நாட்கள். அவற்றோடு இரண்டு ஞாயிறுகளில் ஒன்றும் போயிற்று. கறுப்பின மக்களின் தேவாலயங்கள் பலவற்றில் ஞாயிறு வழிபாடு முடிந்ததும் சபையார் பேருந்துகளில் ஒன்றாக வாக்களிக்கச் செல்லும் வழக்கம் வேரூன்றியிருந்தது. 2008ஆம், 2012ஆம் ஆண்டுகளில் அம்மாநிலத்துக் கறுப்பின வாக்காளரில் முறையே 60, 64 வீதமானோர் முற்கூட்டி வாக்களித்தனர்; வெள்ளையரில் 44, 49 வீதமானோர். எந்த இனத்தவர் எந்த முறையை எவ்வளவு பயன்படுத்துகின்றனர் என்ற தரவுகளைச் சட்டசபையினர் கேட்டுப் பெற்றிருந்தனர். அவற்றைப் பெற்றபின்பே வெட்டு நிகழ்ந்தது. 2016 யூலை 29ஆம் நாள் நான்காம் சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றம், இச்சட்டம் இனப்பாகுபாட்டு நோக்குடன் இயற்றப்பட்டதென முடிவுசெய்து அதனை வறிதாக்கியது.

அவ்வழக்கில் மனத்தைத் தைக்கும் ஒரு செய்தி உண்டு. ஞாயிறொன்றை நீக்கியமைக்கு நியாயங் கூறப் புகுந்த மாநிலத் தரப்பு, ஞாயிறு வாக்களிப்பை நடத்திய மாவட்டங்களிற் கறுப்பினத்தவரும் சனநாயகக் கட்சியினரும் மிகுதி என்பதை ஒளிக்காமல் நீதிமன்றத்தின் முன்னே வைத்தது. குற்றத்தை மெய்ப்பிக்க இதனினும் தெளிவான சான்று அரிது என்ற பொருள்பட நீதிபதிகள் எழுதினர். கான்றின் சோதனை, சொல்ல நாணுவோரையே பிடிக்கும். நாணாது சொல்வோரை அது என் செய்யும்? மாநிலத்தின் சார்பாக வாதிப்போர் இன்னொரு படி மேலேறினர்: அவர்கள் கறுப்பினத்தவர் என்பதற்காக அன்று, அவர்கள் எம் எதிர்க்கட்சிக்கு வாக்களிப்பர் என்பதற்காகவே விதியை மாற்றினோம், கட்சி நலன் நாடுவது அரசியலின் இயல்பே அன்றோ? நீதிமன்றம் இதனையும் ஏற்கவில்லை. ஓர் இனத்தார் இன்ன கட்சிக்கே வாக்களிப்பர் எனக் கணித்து அவ்வினத்தாரின் வாய்ப்பைக் குறைப்பது, பகை காரணமாகச் செய்யப்படாவிடினும் இனப்பாகுபாடே என்றது.

சட்டத்தில் இது போதுமானது, அறவியலிற் போதாது. மாநிலத்தின் வாதத்தை இனம் என்ற கூறு இன்றியே எடுத்துப் பார்ப்போம். இன்ன நாளில் வருவோர் எமக்கு எதிராக வாக்களிப்போர். ஆகவே அந்நாளை நீக்குவோம் என்று ஒரு கட்சி கருதுகின்றது என வைத்துக்கொள்வோம். அங்கே இனமில்லை, வறுமைகூட இல்லாதிருக்கலாம். அப்பொழுதும் அது தவறா? தவறே என்போம். திருவள்ளுவர் காலமறிதல் என்ற அதிகாரத்தில் காக்கையையும் கூகையையும் உவமையாக எடுத்தாண்டார். தனக்கேற்ற பொழுதைத் தெரிந்து பொருதுவதே வெற்றியைத் தரும் என்பது அரசனுக்கு அவர் கூறும் அறிவுரை. பகைவர் இருவரிடையே அது பொருந்தும். தேர்தலிலோ பொழுதைத் தெரியும் அதிகாரமுடையவரும், அப்பொழுதிற் போட்டியிடுபவரும் ஒருவரேயாகின்றனர்; மறுபுறம் நிற்பது பகையரசனன்று, அவ்விருவரையும் தீர்ப்பிடவேண்டிய குடிமகன். காக்கை நடுவராகவும் இருந்து, நடுப்பகலிலேதான் போட்டி என்று விதிக்குமாயின் அதனைத் திறமை என்று யாரும் புகழார். எமக்கு வாக்களியார் என்ற காரணம் இழப்பவர் தலையசைக்கக்கூடிய காரணமன்று. அதனை எவ்வளவு உரத்துச் சொன்னாலும் அது காரணமாகிவிடாது.

புளோரிடா மாநிலத்தின் 2011ஆம் ஆண்டுச் சட்டம் வேறொரு நுட்பத்தைக் காட்டுகின்றது. அது 14 நாட்களை 8 ஆக்கியது. தேர்தலுக்கு நேர்முந்திய ஞாயிறையும் எடுத்துவிட்டது. ஆயின் ஒரு நாளில் 12 மணி நேரம் வரை நிலையத்தைத் திறக்க இடமளித்தது. முன்பு கிடைத்த உச்ச நேரம் 96 மணி. புதிய விதியின்கீழ் உச்ச நேரமும் அதே 96 மணி. கணக்கிலே ஒரு மணியும் குறையவில்லை. பின் முறைப்பாடு எதற்கு என்று கேட்டனர். காலத்தை நீளத்தால் மட்டும் அளக்கலாம் என்ற எண்ணமே இவ்வாதத்தின் பிழை. செவ்வாய் இரவு 7 மணி, ஞாயிறு நண்பகல் 1 மணி ஆகிய இரண்டும் பௌதிகவியலாளர்க்கு ஒத்த மணிகள்; இரவுநேர வேலைக்குச் செல்லும் தாதிக்கும், வாகனமில்லாது சபையாரோடு பேருந்தில் வரும் முதியவர்க்கும் அவை ஒத்தனவல்ல. 2012 நவெம்பரில் புளோரிடாவின் வரிசைகள் பல மணி நீண்டு நாடெங்கும் பேசப்பட்டன. மறு ஆண்டே அச்சட்டசபை 14 நாள் வரை நடத்தவும், அந்த ஞாயிறைத் திறக்கவும் மாவட்டங்களுக்கு இடமளித்தது.

இதுகாறும் ஒரு பக்கத்தையே வலியுறுத்தினோம். மறுபக்கத்தில் வலுவான நியாயங்கள் இல்லாமலில்லை. தேர்தல் என்பது ஒரு சமுதாயம் ஒரே வேளையில், ஒரே அறிவுநிலையில் நின்று எடுக்கும் முடிவு. அதனை ஒரு மாதத்துக்கு நீட்டினால் முதல் நாள் வாக்களித்தவரும் இறுதி நாள் வாக்களித்தவரும் இருவேறு தேர்தல்களில் வாக்களித்தவராவர் என்ற வாதத்தை அரசியல் மெய்யியலாளர் டெனிஸ் தொம்சன் 2004ஆம் ஆண்டில் விரித்தெழுதினார். 2020ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் பல மாநிலங்களில் ஒருங்கே நடந்த சனநாயகக் கட்சியின் வேட்பாளர் தெரிவின்போது, பீற் புட்டிஜெட்ஜும் ஏமி குளோபுச்சரும் அதற்கு ஓரிரு நாட்களின் முன்னர்ப் போட்டியினின்றும் விலகினர். அவர்க்கு முன்கூட்டியே வாக்களித்திருந்தோர் தம் வாக்கை மீட்டெடுக்க இயலாது கைபிசைந்தனர். முந்தி வாக்களித்தவர் அறியாமையோடு வாக்களிக்கும் இடர் மெய்யானது. நாட்களைக் கூட்டினால் வாக்களிப்போர் தொகை தானே கூடிவிடும் என்ற எண்ணமும் சான்றுகளால் உறுதிப்படவில்லை. முற்கூட்டிய வாக்களிப்புத் தனித்து நிற்கும்போது வாக்களிப்பு வீதம் குறைவதுகூட உண்டென விஸ்கொன்சின் பல்கலைக்கழக அறிஞர் சிலர் 2014இல் வெளியிட்ட ஆய்வொன்று காட்டிற்று. தேர்தல் நாளின் ஆரவாரம் பல நாட்களிற் சிதறிவிடுவதே காரணமாகலாம் என்றனர்.

இந்நியாயங்களை முன்வைத்து ஒருவர் நாட்களைக் குறைக்க முற்படின், அவரோடு நாம் வாதிடலாமேயன்றி அவரைப் பழிக்கலாகாது. ஆயின் இந்நியாயம் எந்த முனையில் வெட்டச் சொல்கின்றது என்பதைக் கவனித்தல் வேண்டும். அறியாமையோடு வாக்களித்தலைத் தவிர்ப்பதே நோக்கமாயின் நீக்கப்படவேண்டியவை தொடக்க நாட்கள்; இறுதி நாட்களன்று. வட கரோலினாவின் 2013ஆம் ஆண்டு வெட்டு இக்கோட்பாட்டுக்கு ஒத்த முனையிலேயே விழுந்தது. ஆயின் அதனை வெட்டியோர் கையிலிருந்த ஏடு தொம்சனின் கட்டுரையன்று, இனவாரித் தரவுகள். ஒஹாயோவில் 2011இல் வெட்டப்பட்டவையோ, வாக்காளர் மிகுதியும் அறிந்திருக்கக்கூடிய இறுதி நாட்களே; புளோரிடாவில் அவ்வாண்டு வெட்டப்பட்டவற்றுள் தேர்தலுக்கு நேர்முந்திய ஞாயிறும் அத்தகையதே.

கெட்ட நோக்கமில்லாத மாற்றமும் இடர் விளைக்கலாம் என்பதற்கும் வட கரோலினாவே சான்று தருகின்றது. 2018ஆம் ஆண்டில் அங்கு வந்த சட்டமொன்று, வாரநாட்களில் எல்லா முற்கூட்டிய நிலையங்களும் காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை திறந்திருத்தல் வேண்டும் என்றது. கேட்பதற்கு இதனினும் நேர்மையான விதி உண்டோ? மாநிலமெங்கும் ஒரே நேரம், குழப்பமில்லை. ஆயின் ஒரு நிலையத்தை நாள்முழுதும் திறந்துவைக்கப் பணமும் ஆளும் போதாத சிற்றூர் மாவட்டங்கள் பல, நிலையங்களின் தொகையைக் குறைத்துவிட்டன. மணி கூடியது, தூரமும் கூடியது. இதனை இயற்றியோரின் உள்ளத்தை நாம் அளக்கவேண்டியதில்லை. விளைவை அறிந்தபின்னும் திருத்தாதிருந்தால், அறியாது செய்தோம் என்ற காப்பு அவர்க்கு இல்லாது போகும்.

மாற்றம் எப்பொழுது செய்யப்படுகின்றது என்பதும் ஒரு கூறு. தேர்தலை அண்டிய வேளையில் நீதிமன்றங்கள் விதிகளை மாற்றலாகாது. வாக்காளர் குழம்புவர் என்ற கொள்கையை உயர் நீதிமன்றம் 2006ஆம் ஆண்டில் பர்செல் வழக்கிற் கூறிற்று. நல்ல கொள்கை. ஆயின் 2014இல் வாக்களிப்புத் தொடங்க ஒருநாள் இருக்கையில் பொன் வாரத்தை நிறுத்தியதும் அதே மன்றம். கீழ் நீதிமன்றம் செய்த மாற்றத்தை நிறுத்துவதும் மக்கள் கண்ணில் ஒரு மாற்றமே. மறுநாள் பேருந்திலேற இருந்தவர்க்கு எது மாற்றம், எது மாற்றத்தின் நிறுத்தம் என்ற நுட்பம் பயன்படாது.

நம் நாட்டிலும் இக்கொள்கை பற்றிச் சிந்திக்க இடமுண்டு. 2023ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாளுக்குக் குறிக்கப்பட்டிருந்த உள்ளூராட்சித் தேர்தலில், நிதி கிடைக்காத நிலையில் முதலிற் பிற்போடப்பட்டது பெப்ருவரியிற் குறிக்கப்பட்டிருந்த தபால்மூல வாக்களிப்பே. அதனைத் தொடர்ந்து தேர்தலும் நடைபெறாது போயிற்று. அது நடத்தப்படாமை மக்களின் அடிப்படை உரிமைகளை மீறியதென நம் உயர் நீதிமன்றம் 2024 ஆகத்தில் தீர்ப்பளித்தது. தேர்தல் 2025 மே 6ஆம் நாளே நடந்தேறியது. நாளைக் குறைப்பதும், நாளையே இல்லாது செய்வதும் ஒன்றல்ல. ஆயினும் இரண்டிலும் கடிகாரம் இருப்பது ஆள்வோர் கையில்.

இறுதியாக, நமது அளவுகோலுக்கு எளிதில் அடங்காத நிகழ்ச்சி ஒன்றைக் குறிப்பிடுதல் நேர்மையாகும். 2012இல் வழக்காடி மீட்கப்பட்ட இறுதி மூன்று நாட்களில் ஒன்றான திங்கட்கிழமையை, 2023 சனவரியிற் கையொப்பமிடப்பட்ட சட்டத்தால் ஒஹாயோ மீண்டும் நீக்கியது. மறுநாள் தேர்தலுக்கான ஆயத்தங்களைச் செய்யவேண்டிய உத்தியோகத்தர் அன்று வாக்களிப்பையும் நடத்துவது பெருஞ்சுமை என்ற காரணம் கூறப்பட்டது. நீக்கப்பட்ட மணிகள் முந்திய வாரத்துக்கு மாற்றிக் கொடுக்கப்பட்டன. தேர்தற் கந்தோரொன்றில் முதல்நாள் மாலை எப்படியிருக்கும் என்பதை அறிந்தோர் இக்காரணத்தைக் கேட்டுத் தலையசைக்கக்கூடும். இக்கட்டுரையாசிரியரும் ஏறத்தாழ அசைக்கின்றார். ஆயின் அதே சட்டம் வாக்காளர் காட்டவேண்டிய அடையாள ஆவணங்களையும் கடுமையாக்கிற்று. இரண்டையும் ஒருங்கே வைத்து நோக்கும்போது, திங்களுக்குக் கூறப்பட்ட காரணத்தைத் தனியே எடுத்து நம்புவது கடினமாகின்றது. அந்தத் திங்களிலே வந்திருக்கக்கூடியவர் முந்திய வாரத்துக் கூடுதல் மணிகளில் வந்தாரா என்பதை எண்ணிப் பார்த்துச் சட்டசபைக்கு அறிக்கையிடவேண்டும் என்ற பிரிவொன்றை அச்சட்டத்திலே சேர்த்திருப்பின் நம் ஐயம் பாதியாவது தீர்ந்திருக்கும்.